காத்தானின் பின்பக்கத்தில் ஒரு குண்டு

"ஐயோ... செத்தேன்!"

இலக்குப் பலகையின் அடியிலிருந்த பள்ளத்திலிருந்து அலறல் எழுந்தது.

அலறியவன் காத்தான். நன்னிலம் பக்கத்து ரைஃபிள் கிளப்பில் வேலை. உறுப்பினர்கள் சுடுவார்கள், அவன் பள்ளத்தில் பதுங்கியிருந்து, குண்டு எங்கே பட்டது என்று கழியை நீட்டிக் காட்டுவான். இத்தனை வருஷமாகக் கழிக்கு மட்டும்தான் காயம்.

இன்று குண்டு அவன் பின்பக்கத்தைப் பதம் பார்த்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் தியாகராசன் வந்து இறங்குவதற்குள் காத்தானை மாட்டுவண்டியில் குப்புறப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். கிளப் செயலாளர் துரைராசு காத்திருந்தார். ஆட்சி மாறிய மறுநாளே வேட்டியின் கரையையும் மாற்றிக்கொண்ட மிராசுதார்.

"நான்தான் சுட்டுக்கிட்டிருந்தேன், இன்ஸ்பெக்டர். காத்தான் என் பக்கம் திரும்பி பீடி பத்த வெச்சிருக்கான். நடுவுல சுவரு வேற. என் குண்டு அவன் பின்னாடி எப்படிப் படும்?"

"அப்ப சுட்டது யாரு?"

பலகைகளுக்குப் பின்னால், குண்டுகளைத் தடுக்க எழுப்பிய மண்மேட்டைத் துரைராசு காட்டினார்.

"அந்தப் பக்கம் வரப்பு வெட்டிக்கிட்டிருந்தது மருதையன். போதுமா?"

மருதையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரன். நில உச்சவரம்புச் சட்டத்தில் துரைராசுவிடமிருந்து எடுத்த நிலத்துக்கு சர்வேயர் எல்லைக்கல் நட்டபோது, அளவுச் சங்கிலி பிடித்தவன். அந்தக் கற்கள் ஒரே ராத்திரியில் மாயமாகிவிட்டன. கல்லே நடவில்லை என்று துரைராசு சாதித்தார். நாளை தாசில்தார் விசாரணை. சாட்சி சொல்லத் துணிந்தவன் மருதையன் ஒருவன்தான். அவன் உள்ளே போனால், நிலம் பழையபடி துரைராசுவுக்கு.

"துப்பாக்கி எங்கடா?" மருதையனை வரவழைத்து அதட்டினார் தியாகராசன்.

"எங்கிட்ட மம்பட்டிதாங்க இருக்கு. அதுல குண்டு போட எடமில்லீங்க."

வாய்க்காலில் வீசியிருப்பான் என்றார் துரைராசு. ஆள் இறக்கித் துழாவினார்கள். கம்பி முறிந்த குடை ஒன்றும் நண்டு ஒன்றும் கிடைத்தன. நண்டு கான்ஸ்டபிளைக் கடித்தது.

தியாகராசனுக்கு எரிச்சல். மேலிடத்திலிருந்து வேறு துரைராசுவுக்காக போன் மேல் போன். மருதையன் கையில் விலங்கு ஏறியது.

"நாளைக்கு விசாரணை முடிஞ்சதும் நானே ஸ்டேஷனுக்கு வந்து உக்காந்துக்கறேங்க. அதுவரைக்கும் விடுங்க."

துரைராசு மீசையைத் தடவிக்கொண்டார். ஜீப் உறுமியது.

அப்போதுதான் கிளப் டெலிபோன் அலறியது!

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் மதுரம்.

"குண்டை எடுத்துட்டேன், இன்ஸ்பெக்டர். அப்பளமா நசுங்கியிருக்கு. சதையில பட்டா இப்படி நசுங்காது. கூடவே ஒரு கருங்கல் சில்லு. உளி கொத்தின அடையாளம்... வெள்ளை பெயிண்ட்."

தியாகராசன் ரிசீவரை வைத்தார்.

வண்டல் பூமி இது. நாயை விரட்ட ஒரு கல் வேண்டுமென்றால்கூட பஸ் ஏறித்தான் போக வேண்டும். இங்கே கருங்கல் எப்படி?

"இந்த மேட்டை எப்பங்க ஒசத்துனீங்க?"

"போன மாசம்... பாதுகாப்புக்காக." துரைராசுவின் குரல் இறங்கியது.

"கடப்பாரை கொண்டாங்கய்யா."

"இன்ஸ்பெக்டர், எனக்கு மந்திரி வரைக்கும்..."

"தோண்டுங்க!"

ணங்!

மண்ணுக்குள்ளிருந்து எல்லைக்கல் எட்டிப் பார்த்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அதன் மூலை பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் ஈயம் அப்பியிருந்தது. துரைராசு சுட்ட குண்டு பலகையைத் துளைத்து, அவரே புதைத்த கல்லில் மோதி, வந்த வழியே திரும்பியிருக்கிறது. வழியில் காத்தான் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

விலங்கு கை மாறியது. துரைராசுவின் மீசை தானாகத் தொங்கியது.

சாயங்காலம் தியாகராசன் ஆஸ்பத்திரிக்குப் போனார். காத்தான் இன்னும் குப்புறத்தான் கிடந்தான்.

"நாளைக்கு மருதையன் மொதல் சாட்சி. நீ ரெண்டாவது. ஸ்ட்ரெச்சர்லயே தூக்கிக்கிட்டுப் போறோம்."

காத்தான் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"தாராளமா வர்றேங்க. ஆனா, கல்லுத் துண்டு எங்க கெடைச்சுது, காட்டுன்னு தாசில்தார் கேட்டா, அத்தனை பேரு முன்னாடி நான் எதைங்க காட்டுறது?"