ஒப்புநர் கூடம்

தீர்மானி என்ற இயந்திரம் ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முடிவுகள் எடுக்கும். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு உப்பு, யாருக்கு விடுப்பு, எந்த வால்வை எப்போது மாற்றுவது, எல்லாம் அதன் கணக்கு. ஆனால் மனித விரல் படாமல் எதுவும் நடப்புக்கு வராது. பொறுப்புச் சட்டம் அப்படி. அந்த விரலுக்காகத்தான் பெருந்துறைச் சாயப்பட்டறையின் மாடியில் நாற்பது பெண்கள் ஒப்புநர்களாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சையைத் தொட்டால் சம்மதம். சிவப்பைத் தொட்டால் காரணம் எழுத வேண்டும். எழுதுவதற்குள் வரிசையில் இருபது முடிவுகள் சேர்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை பூவிதாவின் திரைக்கு ஒன்று வந்தது: ஆறாம் கொதிகலன், சோதனையை ஒன்பது நாள் தள்ளிவைக்கலாம். அவள் விரல் சிவப்புப் பக்கம் போனது.

"ஏய், என்னடி யோசனை?" பக்கத்து இருக்கை ரெஜினா சிரித்தாள். "உன்னைவிட அதுக்குத் தெரியாதா? அமுக்குடி, டீ ஆறுது."

பூவிதா பச்சையைத் தொட்டாள்.

வெள்ளிக்கிழமை கொதிகலன் வெடித்து இரண்டு பேர் வெந்து செத்தார்கள். சனிக்கிழமை காலையில், கூடத்தை ஒட்டிய கண்ணாடி அறையில், மேலாளர் சம்பத்துக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வியர்வையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அதுதானுங்க சார் தள்ளிவைக்கலாம்னு சொல்லுச்சு..."

"சொன்னது அது. முடிவு பண்ணது நீ, கண்ணு. ஒண்ணேகால் நொடியில பண்ணியிருக்கே. படிச்சியா?"

"நின்னு படிச்சா எண்ணிக்கை கொறையுதுன்னு நீங்கதானுங்க திட்டுனீங்க!"

"திட்டுவேன்தான். படிக்காதேன்னு எங்கயாச்சும் எழுதிக் குடுத்தனா?" அவர் குரலில் கோபமே இல்லை. "மெஷினைக் கொண்டுபோய் ஜெயில்ல வைக்க முடியுமா? சட்டத்துக்கு ஒரு ஆள் வேணும்."

வேலைக்குச் சேரும்போது அவர்கள் மதிப்பெண் கேட்கவில்லை, கணினி தெரியுமா என்று கேட்கவில்லை. பதினெட்டு முடிந்ததற்கான சான்று மட்டும் கேட்டார்கள். அது எதற்கென்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அம்மாகிட்டே ஒரு தடவை பேசிக்கட்டுங்களா?"

"பேசலாம். இன்னும் முடிவாகலையே. குற்றம் உன்மேலேன்னு தீர்மானி எழுதிருச்சு. ஆனா ஒரு மனுசர் பார்த்து ஒத்துக்காம அது போலீஸுக்குப் போகாது. அந்தப் பாதுகாப்பு உனக்கும் உண்டு."

"யாருங்க பார்ப்பாங்க?"

அவர் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டினார். "வரிசையில யாருக்கு வருதோ, அவங்க."

ரெஜினாவின் திரையில் நீளமாக ஏதோ வந்து நின்றது. அதன் மேல்வரியில் தன் பெயரைப் பூவிதா பார்த்தாள். எழுந்து ஓடிக் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"ரெஜி! படிடி! ஒருவாட்டி படிச்சுப் பாருடி!"

ஓசை புகாத கண்ணாடி. ஆனாலும் அசைவு தெரிந்து ரெஜினா திரும்பினாள். தோழியைக் கண்டதும் முகம் மலர்ந்து, சாப்பிட வருகிறாயா என்று இடக்கையால் சைகை காட்டினாள். வலக்கைப் பெருவிரல் அதற்குள் பச்சையைத் தொட்டிருந்தது.