நமைச்சல் இல்லாத வளையம்

அந்த வளையத்தின் ஓரத்தில் செதில் இல்லை.

டாக்டரம்மாவின் கண்ணை முதலில் உறுத்தியது அதுதான். இருபது வருடமாகத் தோலைப் பார்த்தே பிழைப்பவள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் முழங்கையில் வெள்ளிச் செதில் தெரிந்தால், சொரியாசிஸ் என்று மனசுக்குள்ளேயே மருந்துச் சீட்டு எழுதிவிடுவாள். விரலிடுக்கைச் சொறிகிறவர் பக்கத்தில் உட்காரவே மாட்டாள், சிரங்கு. "உன்கூட வெளிய வந்தா நாலு பேர்கிட்ட நிம்மதியா கைகுலுக்க முடியுதா?" என்று கணவர் சலித்துக்கொள்வார். படர்தாமரையோ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓரம் தடித்துச் செதில் உதிரும், நடு தெளிந்திருக்கும், நமைச்சல் ஆளை உட்கார விடாது.

எதிரே இருந்த பெயிண்டரின் முன்கையிலும் வளையம்தான். மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டு. ஜன்னலில் தண்ணீர் வழியும் ஓசை, மின்விசிறியின் கிறீச்சிடல், அவன் சட்டையிலிருந்து வந்த டர்பன்டைன் வாடை. அதற்கும் அடியில், கரண்ட் போன பிரிட்ஜில் கெட்டுப்போன கறியைப் போல இன்னொரு வாடை.

"நமைக்குதா?"

"இல்லம்மா. வலிக்குது."

"எத்தனை நாளா?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து. ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப பரவிட்டே போகுது."

சட்டையைக் கழற்றினான். தோளில், விலாவில், முதுகு நடுவில், பின்கழுத்தில் என்று பதினேழு வளையங்கள். பழையவை மஞ்சள் பாய்ந்திருந்தன, புதியவை ஊதா. படர்தாமரை இப்படி நிறம் மாறாது. கன்றிப்போன காயம்தான் மாறும். லென்ஸை வைத்துக் குனிந்தாள். ஓரம் தடிப்பே இல்லை. குழிகள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. எல்லா வளையத்திலும் மேல் வரிசையில் ஒரே இடத்தில் ஒரு குழி மட்டும் குறைந்தது.

பல் தடம்.

ஆனாலும் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"பொண்டாட்டி மட்டும்தான் வீட்டுல."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பார்க்கணும்."

அவன் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டான். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவ வரமாட்டா. கத்திட்டே இருந்தா, முன்கையை வச்சு வாயைப் பொத்தினேன். கடிச்சா. வலி எலும்பு வரைக்கும் இறங்குச்சு. அப்பவும் நான் கையை எடுக்கல." முன்கையைத் தடவிக்கொண்டான். "இது மட்டும்தான் அவ கடிச்சது. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. ஏதாவது களிம்பு எழுதிக் குடுங்க, போயிடுறேன்."

அவள் பேனாவைச் சீட்டில் வைத்தாள். கோணலாக ஒரு கோடு விழுந்தது. அவன் அந்தக் கோட்டையே பார்த்தான்.

"நீங்க யார்கிட்டயோ சொல்லத்தான் போறீங்க."

இடுப்பிலிருந்து சுவருக்குப் பட்டி பூசும் இரும்புத் தகடு வந்தது. மறு கை அவள் கூந்தலைப் பிடித்துத் தலையை மேசையில் மோதியது. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. தகட்டின் விளிம்பு கழுத்தில் பதிந்தது. எரிந்தது. கத்தக்கூட மூச்சில்லை.

பிடி தளர்ந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். தகடு பிடித்திருந்த அவன் மணிக்கட்டில் தோல் குழிந்தது. தானாக. ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. இரண்டு வரிசை. குழிகள் ஆழமாயின, இரத்தம் துளிர்த்தது, சதை மேலே இழுபட்டுப் பிய்ந்தது. இழுத்தவர் யாரும் அங்கே இல்லை.

அவன் அலறினான். தகடு தரையில் கணீரென்று விழுந்தது.

அடுத்தது கன்னம். காற்றை அறைந்தான், சுவரில் முட்டினான், தாழ்ப்பாளை நோக்கி ஓடினான். கெண்டைக்கால் பிய்ந்தது. கதவுக்குக் குறுக்கே விழுந்தான்.

"எடுத்துடுறேன்... கையை எடுத்துடுறேன்... எடுத்துடுறேன்மா..."

அவன் டாக்டரம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெளியே வரவேற்பறை அக்கா கதவைத் தட்டினாள். "டாக்டரம்மா? என்ன சத்தம்? கதவைத் திறங்க."

திறக்க வேண்டுமானால் அவனைத் தாண்ட வேண்டும். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவனுடைய தொண்டையில் குழிகள் விழுந்தன, நிதானமாக, பசியாறுவது போல. தட்டும் சத்தம் நின்ற இடைவெளியில், அவனருகே வெறும் தரையிலிருந்து, யாரோ மென்று விழுங்குவது கேட்டது.