இரண்டாவது இழுப்பு

பேற்றுக்கரம் முதல் முறை இழுத்தபோது டாக்டர் இந்திராணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சட்டம் அப்படி. கருவி வைத்துக் குழந்தையை இழுக்கும் ஆயுதப் பிரசவத்தில் மனிதக் கை படக்கூடாது என்றாகி ஒன்பது வருடம் ஆகிறது. குழந்தை இறங்க மறுத்தால் மேலே இருந்து இந்த இயந்திரக் கரம் வரும், உறிஞ்சுக் கிண்ணத்தைத் தலையில் பொருத்தும், வலி வரும் நேரம் பார்த்து இழுக்கும். நாட்டின் மருத்துவர்கள் நாற்பது வருடமாக எழுதிக் குவித்த பதினோரு லட்சம் கேஸ் ஷீட்டுகளைப் படித்துத் தொழில் கற்ற கரம் அது. எல்லாம் முடிந்ததும் ஒப்பமிடுவது மட்டும்தான் இப்போது மருத்துவருக்கு மிச்சமிருந்த வேலை.

மேசையில் கிடந்தவள் பொன்னருவி. தலைப்பிரசவம், பதினாலு மணி நேர வலி. குழந்தையின் தலை பாதி வழியில் கோணலாகச் சிக்கியிருந்தது. நூற்று நாற்பதில் இருந்த இதயத் துடிப்பு எண்பதுக்கு விழுந்துவிட்டது. தலை இவ்வளவு இறங்கிய பிறகு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தால், அது முடிவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

"டாக்டரம்மா, என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதும்மா. வலி வர்றப்ப மட்டும் நல்லா முக்கு."

கரம் இரண்டாவது முறை இழுத்தது. தலை ஒரு விரற்கடை நகர்ந்தது. அவ்வளவுதான். கரம் கிண்ணத்தைக் கழற்றி, தன்னை மடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

"பிரசவம் முடிந்தது. குழந்தையைத் தாயின் மார்பில் வையுங்கள். எடை என்ன?" என்றது சுவரில் இருந்த கரத்தின் திரை.

செவிலியர் பிலோமினா பேந்தப் பேந்த விழித்தார். "மேடம், புள்ள இன்னும் பொறக்கவே இல்லையே!"

பிறந்துவிட்ட குழந்தைக்கு வயிற்றுக்குள் துடிப்பு பார்ப்பானேன் என்று துடிப்புமானியும் அணைந்தது. இந்திராணி திரையைப் பார்த்துக் கத்தினார். "குழந்தை உள்ளதான் இருக்கு! மறுபடி இழு!"

"இரண்டாவது இழுப்பில் பிறக்காத குழந்தை பதிவில் இல்லை. எடை என்ன?"

இந்திராணிக்கு உறைத்தது. பதிவில் எப்படி இருக்கும்? மருத்துவர்கள் கையால் இழுத்த காலத்தில் மூன்று இழுப்புக்கு மேல் போனால் விசாரணை. மூன்று என்று எழுதினாலும் ஏன் மூன்று என்று ஒருவர் கேட்பார். அதனால் பிரசவ அறைகளில் ஒரு வழக்கம் வந்தது. செவிலியர் வாய்விட்டு எண்ணுவார்: ஒண்ணு, ரெண்டு. அதற்குப் பிறகு எத்தனை முறை இழுத்தாலும் ரெண்டு, ரெண்டு, ரெண்டுதான். கேஸ் ஷீட்டிலும் இரண்டு. இதை யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்திராணி ஒருவரே ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஷீட்டுகள் அப்படி எழுதியவர்.

இத்தனை வருடத்தில் வேறெங்கும் கரம் இப்படிப் பாதியில் விட்டதில்லையா? விட்டிருக்கும். யாரோ கதவைச் சாத்திவிட்டுக் கையால் எடுத்திருப்பார்கள். வெளியே தெரிந்தால் பட்டம் போகும் என்ற பயத்தில், கரம் சொன்ன இரண்டுக்கே ஒப்பமிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"சிஸ்டர், கரண்ட் போனா எடுக்கிற கைப்பம்ப் எங்க?"

"வேண்டாம் மேடம். லைசென்ஸ் போயிடும்."

"இங்க புள்ள போயிடும் சிஸ்டர். எடுங்க!"

பிலோமினா அலமாரியைக் குடைந்து பம்பை எடுத்து நீட்டினார். பிறகு துடிப்பு கேட்கும் பழைய மரக்கூம்பை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். "அறுபது, மேடம். அறுபதுதான் இருக்கு."

இந்திராணி விரலால் துழாவினார். குழந்தையின் தலையில் பின்புற உச்சிக்குழி தட்டுப்பட்டது. அதற்கு இரண்டு விரற்கடை முன்னால் பம்பின் கிண்ணத்தைப் பதித்தார். ஒன்பது வருடமாகச் சும்மா இருந்த கை. அவருக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கவும் அவருக்கு நேரமில்லை.

"வலி வருது!" என்று அலறினாள் பொன்னருவி.

"முக்கும்மா! விடாத, விடாத!"

கீழ்நோக்கி இழுத்தார். தலை கோணல் நீங்கி ஒரு விரற்கடை இறங்கியது. கரம் இழுத்ததோடு சேர்த்தால் மூன்று. பிலோமினாவின் வாய் தன்னையறியாமல், "ரெண்டு" என்றது.

இந்திராணி நிமிர்ந்து பார்த்தார். பிலோமினா முகம் வெளுத்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நிறுத்துவதா, இழுப்பதா? தலை இறங்குகிறது, அப்படியானால் இழுக்கலாம். அடுத்த வலிக்கு முதலில் கீழே, பிறகு மெல்ல மேலே என்று இழுத்தார். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, பிறகு முழுக் குழந்தையும் வழுக்கிக்கொண்டு அவர் கைகளில் விழுந்தது. நீலம் பாரித்த பெண் குழந்தை. பிலோமினா முதுகைத் தேய்த்தார், வாயைத் துடைத்தார், மறுபடி தேய்த்தார். கடைசியில் அது வீறிட்டது. இந்திராணியும் அழுதுவிட்டார்.

திரை இன்னும் பொறுமையாகக் காத்திருந்தது. எடையைச் சொன்னதும், "இழுப்பு எண்ணிக்கை: இரண்டு. ஒப்பமிடுங்கள்" என்றது.

"போட்டுடுங்க மேடம்," என்று பிலோமினா கிசுகிசுத்தார். "தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அதான் சிஸ்டர், யாருக்கும் தெரியாமலே போச்சு."

இந்திராணி இரண்டை அழித்து நான்கு என்று எழுதினார். பட்டம் போனால் போகட்டும். திரை பழைய பதிவுகளைப் புரட்டியது.

"இதே மருத்துவர் 1,412 முறை இரண்டு என்று சொல்லியிருக்கிறார். ஒரு முறை நான்கு என்கிறார். பெரும்பான்மை ஏற்கப்படும். பழைய பதிவுகள் மாறினால்தான் கரத்தின் பழக்கம் மாறும். திருத்துகிறீர்களா?"

"திருத்துறேன்."

முதல் பதிவு எழுந்து வந்தது. தாய்: சகாயமேரி. ஆண் குழந்தை. இழுப்பு எண்ணிக்கை என்ற கட்டம் காலியாகக் கண் சிமிட்டியது.

இந்திராணி கண்ணை மூடினார். சகாயமேரியின் முகம் ஞாபகம் வந்தது. தோள்பட்டை வலித்தது ஞாபகம் வந்தது. அன்றைய செவிலியரின் குரலும் கேட்டது: ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு... எத்தனை ரெண்டு? அடுத்த பதிவைத் திறந்தார். அதற்கடுத்ததையும் திறந்தார். எல்லாவற்றிலும் அதே குரல்தான் கேட்டது. உண்மையான எண்ணிக்கை உலகத்தில் யாரிடமும் இல்லை, இழுத்த அவரிடமே இல்லை.

"மேடம், அடுத்த ரூம்ல கரம் இறங்குது," என்றார் பிலோமினா.

இந்திராணி கைப்பம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் திரை சிறிது நேரம் காத்திருந்தது. பதில் வராததால், காலிக் கட்டங்களில் அதுவாகவே இரண்டு என்று நிரப்பிக்கொண்டது.