பூஜைக்கு வைத்த கீபோர்டு

ஹெட்போனையும் மீறி செல்போன் அலறியது!

ஜெபமலர் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். கம்ப்யூட்டர் திரையில் அழகியநம்பியின் செய்தி அவசரப்படுத்தியது.

'அந்த அஞ்சு இலக்க எண் என்ன மலர்? சீக்கிரம்!'

நெட் கஃபே கேபினுக்குள் மணி அடிக்கும், பேசுகிற அளவுக்குச் சிக்னல் எடுக்காது. வாசற்படிக்கு ஓடினாள்.

"ஹலோ..."

"மக்களே, ஜெபமலரா? நான் பொன்னம்மை. வலியசாலை அழகியநம்பி வீட்டுக்காரி. இவுகள நேத்து சாயங்காலத்துல இருந்து காணல்ல மோளே! காலண்டர்ல உன் நம்பர எழுதி வச்சிருந்தாரு..."

"பயப்படாதீங்க அக்கா. இப்பம் என்கூடத்தான் சாட்டிங்ல இருக்காரு."

"சாட்டிங்னா?"

"கம்ப்யூட்டர்ல எழுதி எழுதிப் பேசுறது."

எதிர்முனையில் ஓர் அலறல்!

"எழுதுறாரா? இன்னைக்கா? அய்யோ, அது அவுக இல்ல!"

"என்னக்கா சொல்லுதீங்க?"

"இன்னைக்கு மகாநவமி இல்லியா? நேத்து அஷ்டமிக்கே புஸ்தகத்தோட கீபோர்டையும் பட்டுத்துணி போர்த்தி பூஜைக்கு வச்சாச்சு. நாளைக்கு விஜயதசமி பூஜை எடுக்குறது வரை ஒரு எழுத்து எழுத மாட்டாரு, வாசிக்க மாட்டாரு. பஸ் போர்டைக்கூட என்னைத்தான் வாசிக்கச் சொல்லுவாரு! 'நான் எழுதப்பிடாது, வேற ஆளை எழுதச் சொல்லிட்டு வாரேன்'னு போனவருதான்..."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"எஸ்.ஐ. பகவதிப்பெருமாளும் பேனாவ பூஜைக்கு வச்சிருக்காராம். புகார எழுதிக்க நாளைக்கு வரச் சொல்லுதாரு!"

ஜெபமலர் போனை அணைத்தாள்.

நம்பி இல்லையென்றால்... நம்பியின் பெயரில் எழுதுவது யார்? நம்பியை என்ன செய்தான்?

எல்லாம் அந்தப் புதையல் வேட்டையால் வந்த வினை!

ஓர் இணையதளம் பத்துப் புதிர்கள் போட்டிருந்தது. பரிசு பத்துப் பவுன். டி.டி.பி. ஆபரேட்டர் ஜெபமலர், துணிக்கடை மேனேஜர் அழகியநம்பி, சாஃப்ட்வேர் ஹரிகுமார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சாட்டிங்கிலேயே மண்டையை உடைத்து ஒன்பதை அவிழ்த்தாயிற்று. 'காடு உண்டு, கரடி இல்லை; தினம் இலை பறித்தாலும் செடி சாகவில்லை' என்ற புதிருக்குத் தேயிலையைப் பிடித்து, போனக்காடு எஸ்டேட் என்று சொன்னவன் ஹரிகுமார்.

பத்தாவது புதிருக்கு ஓர் இடமும் ஓர் எண்ணும் விடை. இடம் நம்பியின் பங்கு, எண் ஜெபமலரின் பங்கு. நம்பியின் பெயரில் இன்று மாலை ஆறு மணிக்குள் இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரே ஒரு முறைதான்!

அந்த 'வேற ஆள்' ஹரிகுமாரா?

கல்லாவுக்கு வந்தாள். கிழக்கேகோட்டையில் அன்று திறந்திருந்த ஒரே நெட் கஃபே அது. எட்டுக் கேபினில் ஏழு காலி. முதலாளி ஞானசிகாமணி தன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். நம்பி, ஜெபமலர் இருவருக்கும் ஐ.டி. தொடங்கி, பாஸ்வேர்டு வரைக்கும் போட்டுக் கொடுத்த புண்ணியவான்.

"அங்கிள், வலியசாலை நம்பி அண்ணன் நேத்து இங்க வந்தாரா?"

"இல்லியே மோளே. என்ன காரியம்?"

"ஆளைக் காணல்லியாம். எனக்கு அந்த ஹரிகுமார் மேலதான் சந்தேகம்."

"நானே சொல்லணும்னு நெனச்சேன். முகம் தெரியாதவன நம்பலாமா? நீ போய் இரி, நான் சாயா கொண்டுவாரேன்."

எவ்வளவு நல்ல மனுஷன்!

அவள் மறுபடி வாசலுக்குப் போய் ஹரிகுமாருக்குப் போன் போட்டாள்.

"ஹரி, நம்பி அண்ணன எங்க வச்சிருக்கே?"

"எந்தா? ஞான் ரெண்டு நாளா கம்ப்யூட்டரே தொட்டதில்ல ஜெபா! அம்மா மௌஸையும் சேர்த்து பூஜைக்கு வெச்சாச்சு."

பின்னால் அவன் செய்தித்தாளைத் தொட்டதற்கு அவன் அம்மா மலையாளத்தில் கிழிகிழி என்று கிழிப்பது கேட்டது. அந்தத் திட்டை யாரும் நடிக்க முடியாது!

ஜெபமலர் யோசித்தாள். பூஜை வைக்கும் வீட்டுக்காரன் எவனும் மகாநவமி அன்று நம்பியின் பெயரில் எழுத மாட்டான். எழுதினால் உடனே குட்டு உடையும் என்று அவனுக்குத் தெரியும்.

இவன் பூஜை தெரியாதவன். தன்னைப் போல சர்ச்சுக்குப் போகிறவனாக இருக்கலாம்...

கேபினுக்குத் திரும்பினாள். திரையில் புதுச் செய்தி.

'ஹரிகுமாரை நம்பாதே. எண்ணை எனக்கு மட்டும் சொல்லு.'

ஹரியைச் சந்தேகப்பட்டதை அவனைத் தவிர அவள் ஒரே ஒருவரிடம்தானே சொன்னாள்!

இப்போது காதில் ஹெட்போன் இல்லை. ஒரு சொல் தட்டினாள்.

'அண்ணே...'

டிங்!

கல்லாவில் சத்தம்!

'இருக்கீங்களா?'

டிங்!

கத்தினால் நம்பியின் கதி? செல்போனில் ஹரிக்கு ஓர் எஸ்.எம்.எஸ். அடித்து, ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தாள். 'கிழக்கேகோட்டை கஃபே. போலீஸோட வா.' போய்விட்டது!

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

ஐயோ... அவன்தான் நாளை வரை எதையும் வாசிக்க மாட்டானே!

"சாயா ஆறிப்போவும் மோளே..." கல்லாவிலிருந்து குரல்.

"வாரேன் அங்கிள்!"

அரை மணி நேரம் இழுத்தடித்தாள். கணக்குச் சரிபார்க்கிறேன் என்றாள். தலைவலி என்றாள். 'ஆறு மணி ஆகப்போகுது!' என்று திரை மிரட்டியது. இனி வழியில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பொய் எண்ணைத் தட்டினாள். பத்துப் பவுன் போகட்டும், அண்ணன் உயிரோடு கிடைத்தால் போதும்!

டிங்!

பத்து விநாடி.

"தப்பா? அய்யோ, போச்சே!" கல்லாவிலிருந்து அலறல்!

மறு நொடி கேபின் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. ஞானசிகாமணியின் கையில் பேப்பர் வெட்டும் கத்தி!

"என்னையே ஏமாத்துதியா?"

"நம்பி அண்ணன் எங்க?"

"உன்னையும் அங்கதான் அனுப்பப் போறேன்..."

அவர் கையை ஓங்கினார். அந்தக் கையை இன்னொரு கை பின்னாலிருந்து முறுக்கியது. எஸ்.ஐ. பகவதிப்பெருமாள்! அவர் பின்னால் பொன்னம்மை. அதற்கும் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் மூச்சு வாங்கினான்.

"ஹரி? எஸ்.எம்.எஸ். எப்படி வாசிச்சே?"

"அம்மா அறியாம பாத்ரூம்ல போயி!" கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சரஸ்வதி க்ஷமிக்கும்."

பின்னறையில், யு.பி.எஸ். பேட்டரிகளுக்கு நடுவே அழகியநம்பி வாயில் பிளாஸ்திரியோடு கிடந்தார். பொன்னம்மை அதைப் பிய்த்துவிட்டு ஓவென்று அழுதாள்.

"பூஜை வச்ச காரியத்தைச் சொல்லாம, இவன்கிட்ட இடத்தை மட்டும் சொல்லி மலருக்கு அனுப்பச் சொன்னேன். அடுத்த நிமிஷம் உள்ள தள்ளிப் பூட்டிட்டான் பாவி!" என்றார் நம்பி.

"அண்ணே, பத்துப் பவுன் போச்சு..."

"போட்டும் தங்கச்சி. எனக்கு உசிரு இருக்கே!"

பொன்னம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள்.

"சார், இப்பமாவது எஃப்.ஐ.ஆர். எழுதுங்க!"

"பேனா பூஜையில இருக்கே தாயி. எழுத்தெல்லாம் நாளைக்குத்தான்."

ஞானசிகாமணி நிம்மதியாக மூச்சு விட்டார்.

எஸ்.ஐ. சட்டைக் கையை மெதுவாக மடித்தார்.

"லத்தியத்தான் பூஜைக்கு வைக்க மறந்துபோச்சு!"