இரண்டு ரிமோட்... ஒரே கிளிப்

சீறிக்கொண்டு வந்த சிவப்புக் காரை அவள் பார்த்தபோது அது கணுக்காலுக்கு ஒரு முழம்தான் தள்ளியிருந்தது. துள்ளி விலகினாள். கார் அவள் கீழே வைத்திருந்த கைப்பையில் மோதிக் கவிழ்ந்தது; நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்த்துச் சுழன்றன.

ரிமோட்டில் ஓடும் முழங்கை நீளப் பொம்மைக் கார்தான். ஆனால் உள்ளே இருப்பது நைட்ரோ எரிபொருள் குடிக்கும் நிஜ எஞ்சின். பட்டிருந்தால் எலும்பு போயிருக்கும்.

"முதல்ல உங்க ரிமோட்டை அணைங்க" என்றபடி ஓடி வந்தான் ஒருவன். இடிக்க வந்தவனே அதட்டுகிறானே என்று திகைத்தாள்.

அவன் மைதான வாசலைக் காட்டினான். அங்கே ஒரு பலகை, அதில் துணிக்கு மாட்டும் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் அலைவரிசை எண். தன் எண்ணுள்ள கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டவர்தான் ரிமோட்டைப் போடலாம். புதியவளான அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. இருவருக்கும் ஒரே எண். தன் வண்டியை ஓட்ட அவள் ரிமோட்டைப் போட்டதும், அவன் கார் அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"வந்த அன்னைக்கே என் வண்டியை உங்க பக்கம் இழுத்துட்டீங்க."

"இழுத்தா வந்துடுறதா? கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா உங்க வண்டிக்கு?"

அவன் சிரித்தான். மழைக்கு முந்தைய வானம் போலக் கறுத்த கண்கள்... அவள் சட்டென்று குனிந்து கைப்பையைத் தட்டினாள். தூசியே இல்லாத இடத்தைத் தட்டினாள்.

அவன் பல் டாக்டர். அவள் கணக்கு டீச்சர். ஒரே எண் என்பதால், ஞாயிறுதோறும் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நிற்பவர் சும்மா நின்றதே இல்லை. அவள் வண்டியைத் திருப்பும் அழகைப் பார்த்தால் பிள்ளைகள் கணக்கில் தேறுவது சந்தேகம் என்பான் அவன். அவன் பிரேக் போடும் விதத்தைப் பார்த்தால் கடைவாய்ப் பல்லுக்குப் பதில் முன்பல்லைப் பிடுங்குகிற ஆள் என்பாள் அவள்.

சில மாதங்கள் கழித்து அவள் தன் வண்டிக்குப் புது எஞ்சின் வாங்கினாள். அதை முதன்முதலாக ஓட்டிப் பழக்கும் நாளன்று அப்பாவையும் வற்புறுத்தி அழைத்து வந்தாள். அப்பா பஸ் டிப்போ மெக்கானிக். சின்ன வயதில் அவள் ஸ்பானரைத் தொட்டாலே, "உனக்கு எதுக்கும்மா இந்த அழுக்கு?" என்று பிடுங்கி வைத்தவர். அவர் கண் முன்னால் ஓர் எஞ்சினைத் தன் கையாலேயே பழக்கிக் காட்ட வேண்டும். அவளுக்கு அது பல வருட ஆசை.

புது எஞ்சினை எடுத்ததும் விரட்டக்கூடாது. எண்ணெய் கலந்த எரிபொருளைத் தாராளமாகக் கொடுத்து, மெதுவாக ஓடவிட வேண்டும். புகை குப்குப்பென்று வரும். வரத்தான் வேண்டும். எண்ணெய்தான் அதைக் காப்பாற்றும். பிறகுதான் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம்.

புகை விட்டுத் தடுமாறிய எஞ்சினை மேஜை மேல் ஓடவிட்டு, அப்பாவும் அவனும் பக்கத்தில் நிற்க, ஸ்கூட்டரிலிருந்து எரிபொருள் பாட்டிலை எடுக்கப் போனாள். திரும்பி வந்து டாங்கை நிரப்பி, வண்டியைத் தரையில் விட்டாள். தொட்டதும் பறந்தது. கீச்சென்று உச்சத்துக்கு ஏறியது சத்தம். ஒரு கணம் பூரித்துப் போனாள். மறுகணம் கண் வண்டியின் பின்னால் போனது. புகை எங்கே...?

கடக்.

அவ்வளவுதான். எஞ்சின் இறுகிவிட்டது. தொட்டவள் விரலைச் சுட்டுக்கொண்டாள். யாரோ ஊசித் திருகை இறுக்கியிருக்கிறார்கள்.

"நான்தான் திருகினேன்" என்றான் பல் டாக்டர்.

இவனா...? தன் எஞ்சினைத் தருகிறேன் என்று அவன் நீட்டியதை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. "இனிமே என் பொருளைத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். கண்ணீர் காட்டிக்கொடுக்கும் முன் கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை மழை. வீட்டில் சாப்பிடும்போது அவள் பல் டாக்டரைத் திட்டித் தீர்க்கத் தீர்க்க, அப்பா தட்டில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"அந்தத் தம்பியைத் திட்டாதம்மா. நான்தான் திருகினேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அவ்வளவு புகை விட்டா எங்க டிப்போல வண்டியை வெளியவே விட மாட்டோம். ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள அவர் முந்திக்கிட்டார். நானும் பேசாம இருந்துட்டேன்..." தட்டைத் தள்ளி வைத்தார். "அடுத்த எஞ்சினை நீயே பழக்கும்மா. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அடுத்த அரை மணியில், சொட்டச் சொட்ட நனைந்து, அவன் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகமூடியோடு திரும்பியவன் பழக்கதோஷத்தில், "வாயைத் திறங்க" என்றான். யாரென்று பார்த்ததும் கையிலிருந்த, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி நழுவியது.

"திறக்கத்தான் வந்தேன். ஏன் பொய் சொன்னீங்க?"

அவன் முகமூடியைக் கழற்றினான். "உங்கப்பா முகத்தைப் பார்த்தேன். எஞ்சினோடயே வாழ்ந்தவர், மகள் முன்னாடி கூனிக் குறுகி நின்னார். என்னைத் திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவீங்கன்னு..."

"மறக்க முடியலை."

வெளியே மழை வலுத்தது. அவன் தயங்கித் தயங்கி மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்தான். உள்ளங்கையில் விரல்நகம் அளவு உலோகத் துண்டு. ரிமோட்டின் அலைவரிசையை மாற்றும் கிறிஸ்டல். வேறு எண்.

"நாம மோதின மறுநாளே வாங்கிட்டேன் டீச்சர். இதை மாட்டியிருந்தா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓட்டியிருக்கலாம். காத்திருக்கவே வேண்டியதில்லை." குரல் இறங்கியது. "ஆனா எனக்கு... நீங்க ஓட்டுறதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும் போல இருந்துச்சு. இப்பவும் இருக்கு. எப்பவும் இருக்கும்."

அவள் அதிர்ந்துபோய் அவனைப் பார்த்தாள். இத்தனை ஞாயிறுகளும்... வேண்டுமென்றேவா? ஈர இமைகள் படபடத்தன. மெல்லக் கை நீட்டி, அந்தக் கிறிஸ்டலை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். நீங்க பாட்டுக்கு மாட்டிடப் போறீங்க."