கொளப்பனேரி கேட்ட விலை

காலை ஆறு மணிக்கு ஏரி போன் செய்தது. தணிகாசலம் பல் துலக்கிக்கொண்டே எடுத்தார். ஏழு வருடமாக நடக்கிற பேரம்தான்.

நாட்டின் நீர்நிலைகளுக்கெல்லாம் சட்டப்படி ஆளுரிமையும், பேச ஒரு செயற்கை மூளையும், செலவழிக்கத் தண்ணீர் வரியிலிருந்து ஒரு கஜானாவும் கொடுத்து ஐம்பது வருடமாகிவிட்டது. புல்டோசர் கிடையாது, வழக்கு கிடையாது. தன் வயிற்றில் வீடு கட்டியவர்களுக்கு ஏரியே ஊக்கத்தொகை கொடுத்து, கெஞ்சி அனுப்பிவைக்கும். திட்டம் நன்றாகவே வேலை செய்தது. ஏரிக்குள் முளைத்திருந்த மூன்றாம் குறுக்குத் தெருவில் எல்லோரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி ஆளுக்குத்தான் நல்ல விலை என்று தணிகாசலம் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

இந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. கூடத்தில் கெண்டை மீன் திரிந்தது. அவரும் மனைவி வேதநாயகியும் மாடி அறையில் நான்கு நாளாக அடைபட்டுக் கிடந்தார்கள்.

"ஐயா, படகு அனுப்பியிருக்கேன். ஏறிடுங்க. இன்னிக்குப் பெரிய மழை வருது," என்றது ஏரி.

"தொகை?"

"அது இடத்தைக் காலி பண்றதுக்குங்க. இடத்தைத்தான் தண்ணியே எடுத்துக்கிச்சே."

ஆளில்லாப் படகு ஜன்னலோரம் வந்து நின்றது. வேதநாயகி பையோடு ஏறி உட்கார்ந்தாள். "வாங்க. மீனுங்ககிட்ட வாடகை வசூல் பண்ணப் போறீங்களா?"

அவர் ஒரு காலைப் படகில் வைத்தார். மறுகால் வரவில்லை. "எதிர்வீட்டு ஜெயசீலன் வாங்கிட்டுப் போனான். நான் மட்டும் சும்மா போவணுமா?"

ஏரி சற்று யோசித்தது. இத்தனை வருடம் பேசிப் பழகிய பாசமோ என்னவோ, சட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னது. "அவருக்குக் குடுத்ததையே உங்களுக்கும் தர்றேங்க. மீன் ஏலத்துல வந்த என் சொந்தக் காசு. தயவுசெஞ்சு ஏறுங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு மனசு ஆறாது."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. படகில் வைத்த காலை அறைக்குள் இழுத்துக்கொண்டார். போனைக் கையால் பொத்தி, "மசியுது வேதா! ரெண்டு நாள் இறுக்கிப் பிடிச்சா டபுளாக்கிடலாம்," என்றார்.

"நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. அதுக்குத் தனியா ஒரு தொகை கேக்கணும்."

வேதநாயகி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு படகின் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்து ஏரியிடம் சொன்னாள்:

"தொகையை நிமிஷத்துக்கு நிமிஷம் குறைச்சுக்கிட்டே வா, சாமி. ஏத்துனேன்னா இந்த மனுஷன் செத்துருவாரு."