பூரியின் வளையல்கள்

செம்பூர் ஸ்டேஷன் வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் விட்டு வந்த சந்திரலேகா கைகாட்டி நிறுத்திய ரிக்‌ஷாவில், மறுபக்கமாக ஒருவன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"ஹலோ! இது நான் நிறுத்தினது!"

அவன் நிமிர்ந்தான். நனைந்த இமைகள்... கலங்கிய கண்கள். மடியில், துண்டில் சுற்றிய பக் நாய் முக்கி முனகியது.

"பொறு பூரி, இந்தா போயிருவோம்" என்று அதைத் தடவியவன், "குட்டி பாதியில மாட்டிக்கிட்டு மேடம். வந்த டெம்போ தண்ணியில நின்னுபோச்சு" என்றான்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளும் ஏறிக்கொண்டாள். "பையா, ஜல்தி!" என்று டிரைவரை அவசரப்படுத்தினாள்.

நாயின் கழுத்துப்பட்டையில் கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

"என்ன இது, வளைகாப்பா?"

"எங்கக்கா போட்டா. வயித்தப் பாத்து ஆறு குட்டின்னு நெனச்சோம்..."

அவன் பெயர் இசக்கிராஜ். தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் மருத்துவர் பட்டையைக் கழற்றிச் சந்திரலேகாவிடம் கொடுத்துவிட்டு, பூரியை அறுவைக்குக் கொண்டுபோனார். அவள் வளையல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்... பூரி பிழைக்க வேண்டுமே!

பூரி பிழைத்தது. குட்டிகள் இரண்டே. ஒன்று உயிரோடு. வழியை அடைத்த மற்றது உடம்பெல்லாம் நீர் கோத்து, ஊதி, இறந்திருந்தது. அக்கா கொண்டாடிய வயிற்றில் பாதி வெறும் நீர்...

கருவிலேயே வரும் குறை, யார் தப்பும் இல்லை, ஆனால் அடுத்த ஈற்றிலும் வரலாம் என்றார் மருத்துவர்.

"அப்போ இனிமே குட்டியே வேண்டாம். ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றாள் சந்திரலேகா.

"குட்டி தாறேன்னு நாலு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இது உங்க நாயா மேடம்?"

அவள் முகம் சுருங்கியது. மழையிலேயே இறங்கி நடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள்... பட்டை அவள் பையிலேயே இருந்தது.

பூரிக்குத் தையல் பிரிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு, அன்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திருப்பிக் கொடுக்கத்தான்... வேறெதற்கு?

இசக்கிராஜ் எழுந்து நின்றான். அவன் காலடியில் பூரி. கையில் குட்டி உறங்கியது.

"ஆபரேசனுக்கு நாள் கேட்டுட்டேன் மேடம். செத்த குட்டிய கையில வாங்குனேன்லா... அந்தக் கனம் இன்னும் போகல. இன்னொரு தடவ அவ அப்படித் துடிக்க வேண்டாம். அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

அவள் பட்டையை நீட்டினாள். அவன் வளையல்களைத் தள்ளிப் பார்த்தான்.

"பச்ச வளையலக் காணலயே... அக்கா அவ கையிலருந்தே கழட்டிப் போட்டது. கேப்பா."

சந்திரலேகா துப்பட்டாவை மெல்ல விலக்கினாள். மணிக்கட்டில் பச்சை.

"கேட்டா... என் கையில இருக்குன்னு சொல்லுங்க."

அவன் அந்தப் பச்சையையே பார்த்தான். "சொன்னா, அவ நேரா உங்க வீட்டுக்கே பூவும் பழமுமா வந்து நிப்பாளே..."

"வரட்டும்" என்றாள் அவள், குட்டியைத் தன் கைக்கு வாங்கியபடி.